17 பேர்தானே என்று விட்டார்கள்!

இலங்கையில் மலேரியா போனதும், வந்ததும், மறுபடி போனதும்

1963-ம் ஆண்டு.

இலங்கையின் சுகாதார இலாகா அந்த ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. நாடு முழுவதும் மலேரியா ஜுரம் கண்டவர்கள் எத்தனை பேர்?

17 பேர்!

ஒரு காலத்தில் லட்சக்கணக்கான பேரைப் படுக்க வைத்த நோய் அது. அந்த ஆண்டில் ஒரு சிறிய கிராமத்துப் பள்ளிக்கூட வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அளவுக்குத்தான் நோயாளிகள் இருந்தார்கள். அந்த 17 பேரிலும் பலர் வெளிநாட்டில் நோய் பிடித்து வந்தவர்கள்.

"மலேரியா ஒழிந்தது" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஆறு ஆண்டுகள் சென்றன. 1969-ம் ஆண்டுக் கணக்கு வந்தது.

5 லட்சம் பேருக்கு மேல் மலேரியா!

அந்த ஆறு ஆண்டுகளில் யுத்தம் வந்ததா? இல்லை. ஆட்சி கவிழ்ந்து கலகம் நடந்ததா? அதுவும் இல்லை. நாடு அமைதியாக இருந்தது. தேர்தல் ஒழுங்காக நடந்தது.

பிற்காலத்தில் அதே தீவில் யுத்தம் மூண்டது. 26 ஆண்டுகள் நடந்தது. அந்த யுத்தம் முடிவதற்கு முன்பே, ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குக் கூட மலேரியா இல்லை என்ற நிலை வந்து விட்டது!

அமைதிக் காலத்தில் ஏறிய நோய், யுத்த காலத்தில் இறங்கியது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், ஆட்சிக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்பது விளங்கி விடும்.

ஒரு துளி ரத்தம்

மலேரியா காற்றில் பரவுவது அல்ல. குடிக்கும் தண்ணீரில் வருவதும் அல்ல. அனாபிலிஸ் என்ற வகைக் கொசு அதைப் பரப்புகிறது.

நோயாளியை அந்தக் கொசு கடிக்கிறது. ரத்தத்தோடு நோய்க் கிருமியும் கொசுவின் வயிற்றுக்குள் போகிறது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் கிருமி அங்கே வளர்ந்து பெருகுகிறது. பிறகு அதே கொசு இன்னொருவரைக் கடித்தால், அவருக்கும் குளிர் ஜுரம் வருகிறது.

ஆகவே, மலேரியா பரவுவதற்குக் கொசுவும் வேண்டும், நோயாளியும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் நோய் பரவாது.

கொசுவை அடியோடு அழிப்பது மிகவும் கடினம். ஆனால், நோயாளியைக் கண்டுபிடித்து விடலாம். மருந்து கொடுத்து, உடம்பில் உள்ள கிருமியைத் தீர்த்து விடலாம்.

அதற்கு என்ன செய்ய வேண்டும்? ஊர் ஊராகப் போக வேண்டும். ஜுரம் கண்டவரின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தம் எடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு துளியை எடுக்க ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் கொடுப்பது சர்க்கார்.

அரசியல் நுழைவது இந்த இடத்தில்தான்.

மழை பொய்த்த ஆண்டு

இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் மழை அதிகம். அங்கே ஆறுகள் ஓடிக் கொண்டே இருக்கும். ஓடும் வெள்ளத்தில் கொசுப் புழு தங்காது. அடித்துக் கொண்டு போய் விடும். அதனால் அந்தப் பக்கம் மலேரியா குறைவு. வறண்ட வடக்கிலும் கிழக்கிலும்தான் அது எப்போதும் உண்டு.

1934-ல் தென்மேற்குப் பருவ மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றின. மணலில் ஆங்காங்கே குட்டை குட்டையாகத் தெளிந்த நீர் நின்றது. மலேரியாக் கொசு முட்டையிடுவதற்கு இதை விட வசதியான இடம் வேறு கிடையாது.

கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு ஜனங்கள் படுத்து விட்டார்கள். மலேரியாவைத் தாங்கிப் பழக்கம் இல்லாத உடம்பு. விளைச்சல் இல்லாததால் வயிற்றுக்கும் போதிய சோறு இல்லை. குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தன.

1934 கடைசியில் தொடங்கிய இந்தக் கொள்ளை நோயில் சுமார் 80 ஆயிரம் பேர் மாண்டார்கள். அப்போது இலங்கையின் மொத்த ஜனத்தொகையே 55 லட்சம் அளவில்தான் இருந்தது.

ஓட்டு செய்த வேலை

இந்த நோய்க்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், இலங்கையில் ஒரு பெரிய அரசியல் மாற்றம் நடந்திருந்தது.

அதுவரை நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் ஓட்டு இருந்தது. படித்தவர்கள், சொத்து உள்ளவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டார்கள். 1931-ல் 21 வயது நிறைந்த ஆண், பெண் இரு பாலாருக்கும் ஓட்டுரிமை வந்தது. இந்தியாவில் எல்லோரும் ஓட்டுப் போட்டது 1951-52 பொதுத் தேர்தலில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

நாடு வெள்ளைக்காரர் ஆட்சியில்தான் இருந்தது. ஆனால், சட்ட சபைக்குப் போக விரும்பியவர்கள் குடிசை வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

கொள்ளை நோய் பரவியபோது, இளைஞர்கள் சிலர் மருந்தும் உணவும் எடுத்துக் கொண்டு கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கே, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். 1935 டிசம்பரில் அவர்கள் லங்கா சம சமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லத் தொகுதியில் என். எம். பெரேரா நின்றார், ஜெயித்தார். ஜுரத்தில் கிடந்தபோது வீடு தேடி மருந்து கொண்டு வந்தவர்களை ஜனங்கள் மறந்து விடவில்லை.

அதற்குப் பிறகு, "எங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டும்" என்பது தேர்தல் கோரிக்கை ஆகி விட்டது. கிராமங்களில் ஆஸ்பத்திரிகளும் மருந்து கொடுக்கும் நிலையங்களும் பெருகின. ஏழையின் ஜுரத்துக்கும் ஒரு விலை வந்தது. அந்த விலைதான் ஓட்டு!

சுவரில் தெளித்த மருந்து

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயத்தில் டி.டி.டி. மருந்து வந்தது.

மனிதனைக் கடித்து ரத்தம் குடித்த கொசு, பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். அந்தச் சுவரில் டி.டி.டி. தெளித்திருந்தால் செத்து விழும். இலங்கையில் வீடு வீடாகச் சென்று சுவர்களில் தெளித்தார்கள்.

1946-ல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு 20.3 பேர் என்ற கணக்கில் எல்லா வகையான சாவுகளும் நடந்தன. 1947-ல் இது 14.3 ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் இப்படிக் குறைவது அபூர்வம்.

இந்தப் பெருமை முழுவதும் டி.டி.டி.க்குச் சேராது என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. ஆஸ்பத்திரிகள் பெருகியதும், யுத்தத்துக்குப் பின் உணவு நிலைமை சீர்ப்பட்டதும் சேர்ந்து செய்த வேலை என்பது அவர்கள் கருத்து. எப்படி இருந்தாலும், மலேரியா பின்வாங்கத் தொடங்கியது.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. புதிய சர்க்காரும் மலேரியா வேலையை விடவில்லை. 1955-ல் உலக சுகாதார ஸ்தாபனம், மலேரியாவை உலகத்தை விட்டே ஒழிப்பது என்று திட்டம் போட்டது. அதற்கு நல்ல உதாரணமாக இலங்கையைத்தான் காட்டினார்கள்.

இப்படி இறங்கி இறங்கி வந்த கணக்குத்தான், 1963-ல் 17 ஆயிற்று.

"இல்லாத நோய்க்குச் செலவு எதற்கு?"

நோய் இல்லை. பிறகு மருந்து தெளிப்பது எதற்கு? 1964-ல் தெளிப்பை நிறுத்தினார்கள்.

தெளிப்பை நிறுத்தியது மட்டும் தவறு என்று சொல்லி விட முடியாது. நோய் அடங்கிய பிறகு தெளிப்பை நிறுத்தி விட்டு, காவலை மட்டும் தொடர வேண்டும் என்பதுதான் திட்டம். காவல் என்றால், ஜுரம் கண்டவர்களைத் தேடி ரத்தம் எடுத்துப் பார்க்கும் வேலை.

அந்தக் காவல்தான் தளர்ந்தது.

எந்த சர்க்காருக்கும் பணத் தட்டுப்பாடு உண்டு. பள்ளிக்கூடம் கேட்கிறார்கள், சாலை கேட்கிறார்கள், அரிசி கேட்கிறார்கள். மலேரியா வேலை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நோயைக் கண்ணால் பார்க்காத ஜனங்கள் அதை எப்படிக் கேட்பார்கள்? பணமும் கவனமும் வேறு பக்கம் திரும்பின.

இந்தச் சமயத்தில் எலஹெராப் பகுதியில் ரத்தினக் கல் எடுக்க ஜனங்கள் திரண்டார்கள். பல ஊர்க்காரர்கள் வந்தார்கள். கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது. கொசுவும் வந்தது. வந்தவர்களில் யாரோ சிலர் உடம்பில் கிருமி இருந்தது. குழியில் பிழைப்புத் தேடியவர்கள் ஊர் திரும்பியபோது, கிருமியும் அவர்களோடு ஊர் ஊராகப் போயிற்று.

மழை குறைந்து, ஆறுகளில் மறுபடியும் குட்டைகள் தேங்கின. 1968-ல் நோய் தீயாகப் பரவியது. 1969-ல் 5 லட்சத்தைத் தாண்டியது.

பழையபடி டி.டி.டி.யைத் தெளித்தார்கள். ஆனால், கொசு அதைத் தாங்கப் பழகி விட்டது. கடைசியில் மாலத்தியான் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியிருந்தது. அதற்குச் செலவு அதிகம்.

காவலுக்குக் கொடுக்க மறுத்த பணத்தைப் போல் பல மடங்கை நோய் வட்டியோடு வாங்கிக் கொண்டது.

காடு கழனி ஆனபோது

1977-ல் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜெயவர்த்தனா பதவிக்கு வந்தார். மகாவலி ஆற்றுத் திட்டத்தை அவருடைய சர்க்கார் துரிதப்படுத்தியது. அணைகள் கட்டினார்கள். கால்வாய்கள் வெட்டினார்கள். ஏழை விவசாயிகளைக் கொண்டு போய்ப் புதிய நிலங்களில் குடியேற்றினார்கள்.

நல்ல திட்டம்தான். ஆனால், குடியேறியவர்களில் பலர் மலேரியா இல்லாத பகுதியிலிருந்து வந்தவர்கள். புதிய கால்வாய்களில் நீர் தேங்கிய இடங்களில் எல்லாம் கொசு பெருகியது. 1987-ல் நோயாளிகள் 6 லட்சத்தைத் தாண்டினார்கள்.

நெல் விளைவிக்கப் போனவர்கள், ஜுரத்தையும் சேர்த்து அறுவடை செய்தார்கள்.

1987-ல் ஏற்பட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பலனாக மாகாண சபைகள் வந்தன. 1989-ல் மலேரியா வேலையும் மாகாணங்களின் பொறுப்புக்கு மாறியது. கொழும்பிலிருந்து வந்த உத்தரவுக்குப் பதிலாக, அந்தந்தப் பகுதி அதிகாரிகளே நிலைமையைப் பார்த்து வேலை செய்யும் வழி பிறந்தது.

சுவரில்லாத வீடுகள்

இதற்குள் யுத்தம் வந்து விட்டது. 1983-ல் மூண்ட யுத்தம், வடக்கையும் கிழக்கையும் சுடுகாடாக்கியது. முன்பிருந்தே மலேரியா உள்ள பகுதிகளும் அவைதான்.

ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். முகாமிலும் மரத்தடியிலும் காட்டிலும் தங்கினார்கள். மருந்து தெளிக்கச் சுவர் வேண்டுமே! ஓலைப் பந்தலுக்கும் தார்ப்பாய்க் கூடாரத்துக்கும் சுவர் ஏது?

பாதைகள் அடைபட்டன. மருந்து போக அனுமதி வேண்டும். ரத்தம் எடுத்த கண்ணாடித் துண்டு பரிசோதனைச் சாலைக்கு வந்து சேருவதே பெரும்பாடு.

1999-ல் நாடு முழுவதும் 2 லட்சத்து 64 ஆயிரம் பேருக்கு மலேரியா கண்டது. அதில் பெரும் பகுதி யுத்தம் நடந்த வடக்கிலும் கிழக்கிலும்தான்.

இனி மலேரியா இறங்கவே இறங்காது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

இரு தரப்புக்கும் ஒரே எதிரி

நடந்தது வேறு.

காட்டில் இருந்த ராணுவச் சிப்பாயையும் கொசு கடித்தது. விடுதலைப் புலியையும் கடித்தது. இரு தரப்பிலும் துப்பாக்கி ஏந்த வேண்டியவர்கள் குளிர் ஜுரத்தில் படுத்தார்கள். மலேரியா வேலையைத் தடுப்பதால் யாருக்கும் லாபம் இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரிந்தது.

அதனால், சுகாதார ஊழியர்களுக்கு வழி கிடைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலும் வேலை நடந்தது. தொண்டு நிறுவனங்கள் உதவின. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி நடமாடும் வைத்திய வண்டிகள் போயின. மருந்து தோய்த்த கொசு வலைகள் வந்தன. சுவர் இல்லாத குடிசையிலும் வலையைக் கட்டலாம் அல்லவா?

2002 பிப்ரவரியில் இரு தரப்பும் போர் நிறுத்த உடன்பாடு செய்து கொண்டன. அது நீடிக்கவில்லை. ஆனால், கிடைத்த அவகாசத்தை மலேரியா ஊழியர்கள் வீணாக்கவில்லை. வெளிநாட்டு நிதி உதவியும் வந்தது.

கணக்கைப் பாருங்கள்:

2000-ல் 2 லட்சத்து 10 ஆயிரம் பேர்.

2008-ல் 670 பேர்!

யுத்தம் முடிந்தது 2009 மே மாதத்தில். அதற்கு முந்திய ஆண்டிலேயே நோய் ஆயிரத்துக்குக் கீழே வந்து விட்டது.

யுத்தம் நோய்க்கு நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. யுத்தம் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. அந்தக் கொடுமைக்கு நடுவிலும் ஒரு துளி ரத்தம் எடுக்கும் ஊழியர் வேலையை விடவில்லை. அவருக்கு வழி விட இரு தரப்பும் சம்மதித்தன. அதுதான் நோயை இறக்கியது.

1963-க்குப் பிறகு நாட்டில் அமைதி இருந்தது, காவல் தளர்ந்தது. 2000-க்குப் பிறகு அமைதி இல்லை, காவல் இருந்தது. முதலில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

கடைசி நோயாளி

யுத்தம் முடிந்த பின், மிச்சம் இருந்த சில நூறு நோயாளிகளை ஒவ்வொருவராகத் தேடினார்கள். அவர்களில் பலர் ராணுவத்தினர். ஒருவருக்கு ஜுரம் என்றால், அவர் வீட்டைச் சுற்றிலும் உள்ள வீடுகளில் எல்லாம் ரத்தம் எடுத்தார்கள்.

2012 அக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஒருவரும் இல்லை. 2016 செப்டம்பரில், "இலங்கை மலேரியா இல்லாத நாடு" என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது.

இந்தத் தடவை காவலைக் கலைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஜுரம் என்றால் ரத்தம் எடுக்கிறார்கள். ஹெய்ட்டி நாட்டுக்கு ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையில் போன சிப்பாய்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள்; திரும்பியதும் சோதித்தார்கள்.

அந்தக் காவல் வீண் போகவில்லை. 2018 டிசம்பரில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் உடம்பில் இருந்த கிருமி, கொசு மூலம் உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்தார்கள். அந்த அளவில் அடக்கி விட்டார்கள்.

2022-ல் இலங்கைக்கு வேறொரு சோதனை வந்தது. கஜானா காலி. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை. ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். டாக்டர்கள் பலர் வெளிநாடு போனார்கள். அந்த நாளிலும் மலேரியா மறுபடி வேர் பிடிக்கவில்லை.

ஆனால், பணம் இல்லாத சர்க்கார் எதை முதலில் வெட்டும்? கண்ணுக்குத் தெரியாத செலவைத்தான் வெட்டத் தோன்றும். 1964-ல் தோன்றியது போல!

கடலுக்கு இக்கரையில்

இது அக்கரைக் கதை மட்டும் அல்ல.

இலங்கைக்குச் சான்று கிடைத்த அதே 2016-ன் கடைசியில், மன்னாரில் ஒரு புதிய கொசுவைக் கண்டார்கள். அதன் பெயர் அனாபிலிஸ் ஸ்டீபென்சி. நகரத்துக் கொசு. ஆற்றுக் குட்டையைத் தேடாது. வீட்டுக் கிணறும், மூடாத தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் போதும்.

இலங்கைக்குத்தான் இது புதிது. சென்னைக்கு மிகவும் பழையது. சென்னையில் மலேரியாவைப் பரப்பி வந்தது இந்தக் கொசுதான்.

இந்தியாவில் மலேரியா முன்பை விட வெகுவாகக் குறைந்து விட்டது. 2030-க்குள் ஒழித்து விடுவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். குறையக் குறைய ஆபத்தும் கூடவே வரும். "இவ்வளவுதானே இருக்கிறது" என்ற நினைப்புத்தான் அந்த ஆபத்து.

சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து, "யாருக்காவது ஜுரம் உண்டா? மாடித் தொட்டியைப் பார்க்கலாமா?" என்று கேட்டால், கதவைச் சாத்தக் கூடாது. தொட்டியைக் காட்ட வேண்டும். விரலை நீட்ட வேண்டும். குளிர் ஜுரம் என்றால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி விட்டுச் சும்மா இராமல், ரத்தம் சோதிக்க வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "எங்கள் வட்டாரத்தில் கொசு ஒழிப்புக்கு எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள்? எத்தனை இடம் காலியாகக் கிடக்கிறது?" என்று கேட்கவும் வேண்டும்.

"நோயே இல்லையே, இந்தச் செலவு எதற்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டால், ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும்:

17.